வெயிலைக் கண்டித்து ஒரு தீர்மானம்

ஆரோக்கியநாதனுக்கு அரசியல் தெரியாது, ஜெனரேட்டர் தெரியும். மினி லாரியின் முதுகில் டீசல் ஜெனரேட்டரை ஏற்றி வைத்துக்கொண்டு, ஓசூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர், கட்சிக் கூட்டம் என்று யார் கூப்பிட்டாலும் போவார். எந்தக் கட்சிக்கு வெளிச்சம் கொடுக்கிறோம் என்று அவர் பார்த்ததில்லை. மேடையில் விளக்கு எரிய வேண்டும், அது தன் பொறுப்பு. விளக்குக்குக் கீழே நின்று ஒருவர் என்ன பேசுகிறார் என்பது தன் பொறுப்பல்ல. இப்படித் தெளிவாக வாழ்ந்துகொண்டிருந்த மனிதரின் தலையில்தான் அந்தக் கோடையில் ஒரு கட்சியின் எரிசக்திக் கொள்கை வந்து விழுந்தது.

கட்சியின் பெயர் மரபுக் காப்பு முன்னணி. முன்னணி என்று பெயர் வைத்துக்கொண்டதே தவிர, முன்னே போவதில் அதற்கு நம்பிக்கை கிடையாது. சின்னம் உரல். கட்சிச் சட்டத்தின் முதல் விதி, ‘எந்த மாற்றத்தையும் எதிர்ப்போம்’ என்பது. இரண்டாம் விதி, ‘முதல் விதியை மாற்றக் கூடாது’ என்பது. மூன்றாம் விதிக்கு இதுவரை அவசியம் ஏற்படவில்லை.

நாடாளுமன்றத் தேர்தலில் முன்னணியின் வேட்பாளர் சௌந்தரராஜன். ஓசூரில் அவருக்கு ஒரு கல்யாண மண்டபமும், ஊருக்கு வெளியே இரண்டு கல் குவாரிகளும் இருந்தன. முதல் கூட்டத்தை ஓசூரிலேயே, சித்திரை வெயிலில், நடுமத்தியானத்தில் போட்டார்கள். மேடையில் அவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெடஸ்டல் ஃபேன், அந்தப் பக்கம் ஒரு பெடஸ்டல் ஃபேன். இரண்டுக்கும் ஆரோக்கியநாதனின் ஜெனரேட்டரிலிருந்து வயர் போயிருந்தது.

“ஓசூர்ல வெயில் அடிக்குதுன்னு சொல்றானுங்க!” என்று ஆரம்பித்தார் சௌந்தரராஜன். “எங்க தாத்தா காலத்துல இந்த ஊர்ல எந்த வீட்லயாவது ஃபேன் இருந்துச்சா? இல்ல. அப்ப இப்ப மட்டும் எங்கிருந்து வந்துது வெயிலு? எதிர்க்கட்சிக்காரன் கெளப்பி விட்ட வதந்தி! வியர்வைங்கறது உழைக்கறவனுக்கு நகை. அதைத் துடைக்கறவன் நகையைத் தொலைக்கறவன்!”

முன்வரிசையில் ஒருவர் மயங்கி விழுந்தார். தலைவரின் பேச்சைக் கேட்டு உணர்ச்சிவசப்பட்டு விழுந்துவிட்டார் என்று மைக்கில் அறிவித்தார்கள். இரண்டாமவர் விழுந்தபோது கைதட்டச் சொன்னார்கள்.

அந்த வேகத்தில் சௌந்தரராஜன் மின்சார ஸ்கூட்டரையும் ஒரு பிடி பிடித்தார். “பேட்டரி பொம்மை! சத்தமே போடாம வருதாம். சத்தம் போடாம வர்றது பூனை. வண்டின்னா தெருமுனைல வர்றப்பவே வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா?”

கூட்டத்தில் பாதிப் பேர் ஸ்கூட்டர் கம்பெனிச் சீருடையில், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து மண்டபத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. பெங்களூரிலிருந்து சுவாதி என்ற தேர்தல் ஆலோசகர் லேப்டாப்போடு வந்திருந்தார். அன்றைக்கு மின்வெட்டு. ஏசி ஆரோக்கியநாதனின் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

“சார், சர்வே ரொம்ப மோசமா இருக்கு,” என்றார் சுவாதி. “ஓசூர், போச்சம்பள்ளி ரெண்டு பக்கமும் ஃபேக்டரி ஓட்டு மொத்தமா போகுது. பேட்டரி வண்டி செஞ்சு சாப்பிடறவங்களைப் பார்த்து பொம்மைன்னு சொல்லிட்டீங்க. ராயக்கோட்டைல தக்காளிக்காரங்க வேற கோபத்துல இருக்காங்க. சூடு தாங்காம பூ கொட்டுதாம். நீங்க வெயிலே இல்லைன்னு சொல்றீங்க. க்ளைமேட் சேஞ்ச் பத்தி உங்க கட்சியோட நிலைப்பாடு என்ன சார்?”

“அப்படின்னா என்னம்மா?”

“காலநிலை மாற்றம்.”

மண்டபத்தில் ஒரு அசைவு ஏற்பட்டது. சௌந்தரராஜன் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன சொன்னீங்க? கடைசி வார்த்தை?”

“மாற்றம் சார்.”

“மாற்றம்னா... நாம எதிர்க்கறதுதான!”

மாவட்டச் செயலாளர் திம்மப்பன் எழுந்தே விட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “தலைவரே, இத்தன வருஷமா நாமதான் இதை எதிர்த்துக்கிட்டு வந்திருக்கோம். நமக்கே தெரியாம போச்சு பாருங்க!”

உரல் சின்னத் துண்டுகள் மேலே பறந்தன. உலகத்தில் காலநிலை மாற்றத்தைக் கட்சி தொடங்கிய நாளிலிருந்தே எதிர்க்கும் ஒரே இயக்கம் முன்னணிதான் என்று அங்கேயே ஒரு முழக்கம் தயாரானது. சுவாதிதான் பாயசத்தில் உப்பைப் போட்டார்.

“எதிர்த்தா மட்டும் போதாது சார். நிறுத்தணும். கரண்ட் எதுல எடுக்கறோம், வண்டி எதுல ஓட்டறோம், ஃபேக்டரி எப்படி நடத்தறோம், எல்லாத்தையும் மாத்தினாத்தான் அது நிற்கும்.”

“மாத்தணுமா?” என்றார் சௌந்தரராஜன். குரல் உள்ளே போயிருந்தது.

வடை வந்தது. டீ வந்தது. மாற்றத்தை எதிர்க்க மாற வேண்டும் என்றால் மாறுவதா, எதிர்ப்பதா என்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இரண்டாம் டீ வரும் சமயத்தில் திம்மப்பன் வழியைக் கண்டுபிடித்தார். ‘எதையும் மாற்றாமலேயே காலநிலை மாற்றத்தை நிறுத்துவோம்.’ தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆரோக்கியநாதன் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார். “டீசல் அடிமட்டத்துக்கு வந்துடுச்சுங்க. ஏசியைக் கொஞ்சம் கொறைச்சுக்கட்டுங்களா?”

சுவாதி கேட்டுக்கொண்டிருந்தார்: “உங்க கட்சியில எனர்ஜி பத்தித் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

“இதோ,” என்றார் திம்மப்பன். “எங்க எரிசக்தியே இவருதான்.”

“நான் கட்சிலயே இல்லீங்களே,” என்றார் ஆரோக்கியநாதன்.

“அடக்கம்,” என்றார் சௌந்தரராஜன் சுவாதியிடம். “பழைய ஆளுங்க எல்லாம் இப்படித்தான்.”

ஐந்து நிமிடத்தில் தோளில் சால்வை விழுந்தது. எரிசக்தி அணியின் மாவட்டச் செயலாளர் என்று கைதட்டினார்கள். சால்வை கம்பளிச் சால்வை. அதைப் போர்த்திக்கொண்டே அவர் வெளியே போய் டீசல் ஊற்றினார்.

மூக்கண்டப்பள்ளியில் வீட்டுக்கு வந்ததும் மனைவி சாராள் சால்வையை விரலால் தூக்கிப் பார்த்தாள். அவள் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஒப்பந்த வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளுக்கு வெயிலைப் பற்றித் தனிக் கருத்து உண்டு.

“இந்த வெயில்ல கம்பளியா? உங்கள அணியில சேத்தாங்களா, அவிக்கப் போட்டாங்களா?”

“நான் வேணாம்னுதான் சொன்னேன். அடக்கம்னுட்டாங்க.”

“நல்லா இருக்குது. சரி, மொதல்ல தண்ணிக்கு வண்டிய எடுங்க. குடம் எல்லாம் வரிசைல நிக்குது.”

அவர்கள் தெருவுக்குப் பின்னால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய், போர் மோட்டார் ஓடாமல் கிடந்தது. புகார் கொடுத்தால் வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. ஆரோக்கியநாதன்தான் சாயங்காலம் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, தொட்டி நிறையும்வரை மோட்டாரை ஓட்டிக் கொடுப்பார். யாரும் கேட்டு அவர் செய்யவில்லை; ஒரு நாள் செய்தார், மறுநாள் குடங்கள் காத்திருந்தன, அதனால் மறுநாளும் செய்தார். லைன் வீட்டில் இருந்த அதியா, ஸ்கூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், டீசலுக்கு வீட்டுக்கு வீடு வசூல் செய்து கொடுத்துவிடுவாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூக்கண்டப்பள்ளியிலேயே முன்னணியின் ‘பசுமைப் பேரணி’. சுவாதியின் யோசனைப்படி மேடை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் நடப்பதாக அறிவிக்கப்பட்டது. மேடைக்கு மேலே நீலமாகப் பளபளத்த சோலார் தகடுகளை ஆரோக்கியநாதன் கிட்டப் போய்ப் பார்த்தார். ஃபிளெக்ஸ். தகடுகளை நல்ல தரத்தில் அச்சடித்திருந்தார்கள்.

“கரண்ட்டு?” என்று கேட்டார்.

“நீ எதுக்கு இருக்கற ஆரோக்கியம்?” என்றார் திம்மப்பன்.

ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னால் துணி கட்டி மறைத்தார்கள். சத்தம் கேட்கக் கூடாது என்று பம்பைக்காரர்களை நிற்க வைத்து விடாமல் அடிக்கச் சொன்னார்கள். ஆனால் புகை துணிக்கு மேலே எழும்பிக் கூட்டத்துக்குள் போனது. திம்மப்பன் அதற்கும் தயாராக இருந்தார். பக்கத்தில் ஒரு தூபக்காலை வைத்துச் சாம்பிராணி போடச் சொன்னார். சாம்பிராணி மணத்தோடு டீசல் புகை வந்ததும் கூட்டத்தில் சிலர் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பேரணிக்குக் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்த மின்சார ஸ்கூட்டர்கள் எதிலும் சார்ஜ் இல்லை. தொண்டர்கள் அவற்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதல் வண்டியில் சௌந்தரராஜன் உட்கார்ந்து கையசைத்தார். இதைவிடப் புகையில்லாத வாகனம் உலகத்தில் கிடையாது என்று மைக்கில் சொன்னார்கள். அது உண்மைதான்.

பேச்சு முடிந்ததும் மக்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். சுவாதி எழுதிக் கொடுத்த கேள்விகளோடு நான்கு பேர் தயாராக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அதியா மைக்கை வாங்கிவிட்டாள்.

“ஐயா, எங்க லைன்ல டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போயி எத்தனையோ நாளாவுது. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா மூஞ்சி கழுவத் தண்ணி இல்ல. கொழந்தைங்க சூட்டுல தூங்கறதில்ல. நீங்க ஜெயிச்சா அதை மாத்திக் குடுப்பீங்களா?”

சௌந்தரராஜன் தலையாட்டப் போனார். திம்மப்பன் காதில் ஏதோ சொன்னார். தலையாட்டல் பாதியில் நின்றது.

“தாயே, டிரான்ஸ்ஃபார்மருக்குத் தமிழ்ல என்ன பேரு தெரியுமா? மின்மாற்றி!” என்றார் சௌந்தரராஜன். “மாற்றி! பேர்லயே மாற்றத்தை வெச்சுக்கிட்டு தெருவுக்குத் தெரு நிக்குது. இதை இத்தன நாளா யாரும் கேக்கல. அது எரிஞ்சு போச்சுன்னு நீங்க வருத்தப்படறீங்க. நான் சொல்றேன், நம்ம கொள்கையோட அனல் தாங்காமத்தான் எரிஞ்சுது! மாற்றிங்கற பேர்ல எது வந்தாலும் முன்னணி கையெழுத்துப் போடாது!”

பம்பை அடித்தது. கட்சிக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

“அப்ப தண்ணி?” என்றாள் அதியா.

“தண்ணி என்னிக்கும் மாறாது தாயே. அன்னிக்கும் தண்ணி, இன்னிக்கும் தண்ணி.”

“இன்னிக்கு இல்லீங்களே!”

மைக்கை வாங்கிவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஆரோக்கியநாதனுக்குக் கேள்வியும் பதிலும் நன்றாகக் கேட்டது. விளக்குக்குக் கீழே யார் என்ன பேசினாலும் தன் பொறுப்பல்ல என்று இருந்தவருக்கு, அன்றைக்கு முதல் முறையாக, அந்தப் பேச்சைப் பெரிதாக்கிக் கொடுத்தது தன் மின்சாரம்தானே என்று தோன்றியது. உடனே சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து லாரியை எடுக்கப் போனபோது திம்மப்பன் சாவியை உருவிக்கொண்டார்.

“எங்க போற?”

“லைன் வீட்டுக்குத் தண்ணி ஏத்தணுங்கண்ணா.”

“இனிமே இது எரிசக்தி அணியோட வண்டி. தேர்தல் முடியற வரைக்கும் மண்டபத்துலதான் நிக்கும்.”

“ஒரு மணி நேரந்தாங்கண்ணா. ஓட்டிட்டு வந்துடறேன்.”

“யோவ், உனக்கு அரசியல் தெரியல. அங்க போய் ஜெனரேட்டர் நின்னா, கரண்ட் இல்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. நம்ம நிலைப்பாடு என்ன? எதுவும் மாறல. போன வருஷம் அங்க கரண்ட் இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“அப்ப இப்பவும் இருக்குது. போ.”

நடந்தே வீட்டுக்குப் போனார். லைன் வீட்டு வாசலில் குடங்கள் வரிசையாக இருந்தன. அதியா அவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்தாள், இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக் குழாய்க்கு நடந்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவர் ராத்திரி சோறு தின்றிருப்பார்.

சாராள்தான் திட்டினாள். “உங்க வண்டிச் சாவியை அவன் எடுத்தான், நீங்க குடுத்துட்டு வந்தீங்க. வாய் எதுக்கு இருக்குது? சால்வை போட்டா வாயையும் சேத்துக் கட்டிடுவாங்களா?”

“நாளைக்குக் கேக்கறேன்.”

“கேக்காதீங்க. எடுத்துக்கிட்டு வாங்க.”

ஆனால் மறுநாள் விடிவதற்குள் லாரி ராயக்கோட்டைக்குக் கிளம்பியிருந்தது. அவரையும் ஆள் அனுப்பிக் கூட்டிப் போனார்கள். தக்காளி மண்டிக்குப் பக்கத்தில் மேடை. அவர் பழக்கதோஷத்தில் ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னால் நிறுத்தப் போக, திம்மப்பன் ஓடி வந்து தடுத்தார்.

“இங்க பின்னால இல்ல. மேடை மேல.”

லாரியை மேடையோடு ஒட்டி நிறுத்தி, ஜெனரேட்டருக்குப் பூமாலை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டினார்கள். சௌந்தரராஜன் அதன் மேல் கை வைத்துப் பேசினார். சூடு பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

“விவசாயிகளே! சோலார் தகடுங்கறான். அது என்ன பண்ணுது? வர்ற வெயிலை எல்லாம் உறிஞ்சுடுது. அப்பறம் உங்க செடிக்கு வெயிலு ஏது? அதனாலதான் பூ கொட்டுது! இதோ, இந்த ஜெனரேட்டரைப் பாருங்க. இது புகை விடுது. புகை மேல போனா என்ன ஆவும்? மேகமாவும். மேகம் வந்தா? மழை! ஜெனரேட்டர்தான் விவசாயியோட தோழன்!”

முன்னால் நின்றிருந்த வெங்கடப்பன் என்ற தக்காளி விவசாயி கை தூக்கினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழை நிதானமாகப் பேசினார். “அன்னிக்கு ஓசூர்ல வெயிலே இல்லன்னீங்க. இன்னிக்கு வெயிலைத் தகடு உறிஞ்சுடுதுங்கறீங்க. எங்க ஊர்ல தகடே இல்லீங்க. பூ கொட்டிடுச்சு. காய் புடிக்கல. அடுத்த நடவுக்கு நான் என்னா பண்ணட்டும்?”

“தப்பு செடி மேலதான்,” என்றார் சௌந்தரராஜன் தயங்காமல். “எங்க தாத்தா காலத்துத் தக்காளி இந்த வெயிலுக்கெல்லாம் அசையாது. இப்பத்துத் தக்காளிக்குக் கட்டுப்பாடு பத்தாது.”

வெங்கடப்பன் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, “ஏமிரா இதி?” என்று கேட்டார். அவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. வேறு சமயமாக இருந்தால் மேடைக்குத் தக்காளி பறந்திருக்கும். அன்றைக்கு இருந்த விலையில் யாருக்கும் எறிய மனம் வரவில்லை.

அன்று சாயங்காலமே மூக்கண்டப்பள்ளிப் பேச்சையும் ராயக்கோட்டைப் பேச்சையும் மேலும் கீழுமாக ஒட்டி யாரோ வாட்ஸப்பில் விட்டார்கள். மேலே துணிக்குப் பின்னால் ஒளிந்த ஜெனரேட்டர். கீழே மாலை போட்ட ஜெனரேட்டர். ஊரே பார்த்தது. நிருபர்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். திம்மப்பன் துணிச்சலாகப் பதில் சொன்னார்: “காலநிலையே ஊருக்கு ஊர் மாறுது. கொள்கை மாறக் கூடாதா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாற்றம் என்ற சொல்லை ஆதரவாகப் பயன்படுத்தியதற்காக அவருக்கு அவருடைய கட்சியே விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. மாவட்டச் செயலாளர் என்ற முறையில் அந்த நோட்டீஸில் அவரே கையெழுத்துப் போட்டு, அவரே பெற்றுக்கொண்டார்.

வாக்குப்பதிவு அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அதியாவும் லைன் வீட்டுப் பெண்களும் தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு காலையிலேயே வரிசையில் நின்றார்கள். வெங்கடப்பன் குடை பிடித்துக்கொண்டு வந்தார். முன்னணியின் ஏஜெண்டுகள் ஃபேன் இருக்கும் பூத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முடிவு வந்தபோது சௌந்தரராஜனுக்கு டெபாசிட் போயிருந்தது. மூக்கண்டப்பள்ளியில் ஒரு பூத்தில், அங்கே உட்கார்ந்திருந்த ஏஜெண்டின் ஓட்டே விழவில்லை. சுவாதி முடிவுக்கு முன்தினமே வேறொரு மாநிலத்துத் தேர்தலுக்குப் போய்விட்டார்.

மண்டபம் காலியாகிக் கிடந்தது. ஆரோக்கியநாதன் போனார். சாவி மேசை மேல் கிடந்தது. யாரையும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாலையும் எலுமிச்சம்பழமும் வாடிப்போய் வண்டியிலேயே தொங்கின. அப்படியே லைன் வீட்டுக்கு ஓட்டிப் போய் மோட்டாரை இணைத்தார். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அதியா டீ கொண்டு வந்து கொடுத்தாள்.

“மன்னிச்சுக்கம்மா,” என்றார்.

“குடிங்கண்ணா, ஆறிடும்,” என்றாள் அவள்.

இரண்டு வாரம் கழித்து முன்னணியின் விசாரணைக் குழு கூடியது. தோல்விக்குக் காரணம் கண்டுபிடிக்க மேலிடத்திலிருந்து அழகர்சாமி என்ற பார்வையாளர் வந்திருந்தார். ஆரோக்கியநாதனுக்கும் அழைப்பு. சாராள் போக வேண்டாம் என்றாள். “என்னாதான் சொல்றாங்கன்னு கேட்டுட்டு வர்றேன்,” என்றார். ஜெனரேட்டரை லைன் வீட்டிலேயே ஓடவிட்டு, சாராளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டவுன் பஸ்ஸில் போனார்.

குழு ஏற்கெனவே பாதிக் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தது. முன்னணியின் வாக்காளர்கள் பாரம்பரியமாக மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஓட்டுப் போட வருகிறவர்கள். அன்றைக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து வெயில் அடித்திருக்கிறது. எனவே முதல் தீர்மானம், வெயிலை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது. இரண்டாம் தீர்மானம், இனிமேல் தேர்தலை மார்கழி மாதத்தில் நடத்த வேண்டும். மூன்றாவதாக, வெயிலுக்கு உள்கட்சியில் உடந்தையாக இருந்தது யார் என்று பார்க்க வேண்டும்.

“ஒங்க வண்டியிலேருந்து புகை வந்துச்சா?” என்றார் அழகர்சாமி.

“டீசல் வண்டிங்க. வரும்.”

“புகையினால சூடு ஏறும்னு நம்ம ஆலோசகர் சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“சூட்டினால நம்ம ஓட்டு வெளிய வரல. ஆக?”

“ஆக, நீங்கதானங்க என்னைய வாடகைக்குக் கூப்பிட்டீங்க.”

“அதை எழுத வேண்டாம்,” என்றார் அழகர்சாமி பக்கத்திலிருந்தவரிடம். “எரிசக்தி அணிச் செயலாளர் கட்சியை விட்டு நீக்கப்படுகிறார்னு போடுங்க.”

“ஐயா, நான் கட்சிலயே சேரலீங்களே. அன்னிக்கும் சொன்னேன், அடக்கம்னுட்டாங்க.”

உறுப்பினர் பட்டியலைப் புரட்டினார்கள். உண்மைதான், பெயர் இல்லை. உறுப்பினர் அல்லாதவரை நீக்கக் கட்சிச் சட்டத்தில் இடமில்லை. சட்டத்தை மாற்றலாமா என்று யாரோ கேட்க, மற்றவர்கள் அவரை முறைத்தார்கள். கடைசியில் திம்மப்பன்தான் மறுபடியும் வழி கண்டார். “மொதல்ல சேத்துக்குவோம். அப்பறம் நீக்கலாம்.”

ஆரோக்கியநாதனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எந்த மாற்றத்தையும் ஏற்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். உரல் பேட்ஜைச் சட்டையில் குத்தினார்கள். புதிய உறுப்பினரை வரவேற்று அழகர்சாமி நான்கு வார்த்தை பேசினார். இப்படிப்பட்ட உழைப்பாளிகள்தான் இயக்கத்தின் முதுகெலும்பு என்றார். கைதட்டல். போட்டோ. பிறகு அதே மூச்சில் முதுகெலும்பை நீக்கும் தீர்மானத்தைப் படித்தார்கள். திம்மப்பன் பேட்ஜைப் பிடுங்கிய வேகத்தில் சட்டைப் பை கிழிந்தது.

அவர் கிழிசலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மண்டபத்தில் கரண்ட் போனது.

ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. யாரோ நாற்காலியைத் தட்டி விட்டார்கள்.

“கரண்ட் கட்டா?” என்றது அழகர்சாமியின் குரல்.

“அப்படி ஒண்ணு நம்ம ஆவணப்படி கெடையாதுங்க,” என்றது சௌந்தரராஜனின் குரல். “யாரும் எழுந்திரிக்காதீங்க. எதுவும் மாறல. கூட்டம் நடக்கட்டும்.”

“அப்ப நீக்கற தீர்மானத்துக்கு ஓட்டெடுப்பு. ஆதரிக்கறவங்க கை தூக்குங்க.”

கைகள் தூக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருமனதாக நிறைவேறியது என்று இருட்டு அறிவித்தது. ஆரோக்கியநாதன் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெளியே அந்தி வெளிச்சம் இன்னும் இருந்தது. லேசாகக் காற்றும் அடித்தது. உள்ளே தொண்டையைக் கனைத்துக்கொண்டு யாரோ வெயிலைக் கண்டித்துப் பேச ஆரம்பித்தார்கள்.

மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் இறங்கி நடந்தபோது போன் அடித்தது. திம்மப்பன். மூச்சு வாங்கியது.

“ஆரோக்கியம், எங்கய்யா இருக்க? உள்ள ரெண்டு பேரு மயக்கம் போட்டுட்டாங்க. மேலிடத்து ஐயா சட்டையக் கழட்டிட்டாரு. ஒன்னைய நீக்கினதை ராத்திரி சாப்பாடு வரைக்கும் நிறுத்தி வெச்சுத் தீர்மானம் போட்டிருக்கோம். நீ இப்ப கட்சிக்காரன்தான். வண்டிய எடுத்துக்கிட்டு ஓடியா.”

ஆரோக்கியநாதன் லைன் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார். சாராள் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருக்க, அதியா குடங்களை ஒன்றொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

“முடியாதுங்கண்ணா. நீங்கதான உறுதிமொழி எடுக்க வெச்சீங்க? எந்த மாற்றத்தையும் ஏத்துக்க மாட்டேன்னு. நீக்கினது நீக்கினதாவே இருக்கட்டும்.”

போனைக் கிழியாத பைக்குள் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்து, அடுத்த குடத்தைத் தூக்கப் போனார்.